மணி காட்டாத கைப்பட்டை

கார்த்திகை 3, புதன்

தாரணி அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே இரண்டு கறுப்பு ரப்பர் பட்டைகள். கைக்கடிகாரம் என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. மணி காட்டாத கடிகாரம் எதற்கு என்று உடனே ஓசூருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அம்மா, அது மணி பாக்கறதுக்கில்ல. அப்பா எவ்வளவு நடக்கறாருன்னு எண்ணும். நாடி பாக்கும். தூங்கறதக்கூடப் பாக்கும்.”

“தூங்கறதப் பாத்து என்ன பண்ணும்?”

“சொல்லும்.”

“ஆருகிட்ட?”

“உங்க ரெண்டு பேரு போனுக்கும், எம்போனுக்கும். அப்பான்னு ஒரு வட்டம், அம்மான்னு ஒரு வட்டம். நடக்க நடக்க நெறையும். முழுசா நெறைஞ்சா பச்சையாயிரும்.”

“எனக்கெதுக்கு? காச்சல்ல படுத்தது அப்பாதான?”

“சும்மா, அப்பாவுக்குத் துணைக்கு,” என்றாள்.

ஐப்பசியில் இவர் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் நின்றபடியே எங்கள் ஊர் மலையை நினைத்து வேண்டிக்கொண்டேன். இவரை எழுப்பிக் கொடு முருகா, தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் அடிவாரத்திலிருந்து படியேறி வருகிறோம் என்று. எழுப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “நெஞ்சு சரியாயிருச்சுங்க. இனிமே காலுதான். இந்த வயசுல படுத்தே கெடந்தா தொடைச் சதை கரைஞ்சு போயிரும். நடக்கோணும், பலம் ஏத்தோணும்” என்றார். வட்டம் பச்சையாகாவிட்டால் அப்பாவைப் படியேற விடமாட்டேன், கார்தான் என்று தாரணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் காரில் வருவதாக வேண்டவில்லை.

கார்த்திகை 5, வெள்ளி

நல்ல நாள். பட்டை கட்டியாயிற்று.

புதுப் பொருளைச் சாமி முன்னால் வைக்காமல் தொடுவது இந்த வீட்டில் கிடையாது. பட்டைகளின் அடியில் அப்பா, அம்மா என்று தாரணி சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். ஈரத்துணியில் துடைத்ததில் இரண்டு சீட்டும் கழன்று வந்துவிட்டன. அதனால் ஒன்றும் குழப்பமில்லை. ஆணுக்கு வலம் என்று அவருடையதைத் தாம்பாளத்தில் என் வலக்கைப் பக்கம் வைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எதிரே நின்றவரிடம் தாம்பாளத்தை நீட்டி, “வலது பக்கத்தத எடுத்துக் கட்டுங்கோ” என்றேன். அவர் தன் வலதுகைப் பக்கம் இருந்ததை எடுத்துக் கட்டினார். மிச்சம் எனக்கு.

“பஸ்ஸுக்குப் பூசை போடறாப்ல போட்டுட்ட. எலுமிச்சம்பழம் நசுக்கலையா மயிலு?” என்றார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் பஸ்ஸில்தான் கொண்டு போய் நிறுத்துவார்.

கார்த்திகை 8, திங்கள்

விரதம். பால் அரை லிட்டர். காஸ் சிலிண்டர் மாற்றினோம்.

விளக்கு வைக்கும் முன்பே அம்மா வட்டம் பச்சை. அப்பா வட்டம் பாதிகூட இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. விடிந்ததிலிருந்து நான் சும்மா இருப்பது எப்போது? சமையல், பூஜை, பாத்திரம், துணி மடிப்பு. காய் மட்டும் இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து நறுக்குகிறேன். நின்றால் இந்தக் குளிருக்குக் கால் விறைக்கிறது.

அவரிடம் போனைக் காட்டினேன்.

“நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு நடை போய்ட்டு வந்தேனே! வேணும்னா டீக்கடை ரங்குசாமியக் கேளு.”

“டீக்கடையிலயே கேக்கச் சொல்றீங்களே. அங்கதான் உக்காந்திருந்திருக்கீங்க.”

“நாப்பது வருசம் ஓடற பஸ்ல நின்னவன் நானு, மயிலு.”

“அது அப்போ. மிசினு பொய் சொல்லாதுங்கோ.”

கார்த்திகை 12, வெள்ளி

இந்தப் பட்டை எதை எண்ணுகிறது, எதை விடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் பாதிதான் சொல்கிறார்கள். நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

மதியம் அவர் சாப்பிட்டுத் தூங்கியதும் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போய், கையைக் கூப்பிக்கொண்டு அடிமேல் அடி வைத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். நடுவில் கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் நின்றேன்; வெயில். வந்து பார்த்தால் என் வட்டம் போகும்போது எப்படியோ அப்படியே இருக்கிறது. ஒரு மயிரிழை நகரவில்லை.

சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து பாராயணம் செய்தேன். உதட்டைத் தவிர ஒன்றும் அசையவில்லை. முடித்துப் பார்த்தால் வட்டம் மளமளவென்று ஏறியிருக்கிறது!

கார்த்திகை 14, ஞாயிறு

ஒருமுறை பார்த்ததை நம்பக்கூடாது என்று நேற்றும் இன்றும் திரும்பச் செய்து பார்த்தேன். அதே போலத்தான். உட்கார்ந்து பாராயணம் செய்தால் ஏறுகிறது. நான் ஏட்டைத் திறந்தாலே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறார், வீடு அமைதியாக இருக்கிறது, மனம் ஒன்றுகிறது. நாமம் சொல்லும்போது உள்ளே ஏதோ ஓடுகிறது, அது நாடியில் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

தாரணியிடம் சொன்னேன். சிரித்தாள். “அம்மா, அது கை வீசறத வெச்சுத்தான் எண்ணும். சாமியெல்லாம் அதுக்குத் தெரியாது.”

“நான் கையே வீசலியே கண்ணு. அப்பறம் எப்படி ஏறுது?”



கார்த்திகை 17, புதன். தீபம்

அகல் எல்லாம் நேற்றே கழுவி வைத்தாயிற்று. மொட்டைமாடி விளக்குகளை அவரை வைக்கச் சொன்னேன். எண்ணெய்க் கையோடு படியேறினால் எனக்கு வழுக்கும். அவர் ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒரு சுற்று விளக்கும் வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல் பொரி உருண்டை கேட்டார்.

இவ்வளவு ஏறியும் அப்பா வட்டம் பாதியில்தான் நிற்கிறது. தை நெருங்குகிறது. வேண்டுதலைத் தள்ளிப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

மார்கழி 1, செவ்வாய்

வாசலில் சின்னக் கோலமே போதும் என்று இந்த வருடம் முடிவு. பெரிதாகப் போட்டால் வண்டி ஏற்றி அழித்துவிடுகிறார்கள்.

மலைக்குக் கோயில் பஸ்ஸில் போய் வந்தேன். அரிசி டப்பாவை மேல்தட்டிலிருந்து கீழே இறக்கி வைத்தோம்.

மார்கழி 4, வெள்ளி

அவரோடு சண்டை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

“உங்களுக்காகத்தான வேண்டுனேன்? சித்தெ நடந்தா என்னங்கோ? நான் இந்த வீட்டுக்குள்ளயே சுத்தி வட்டத்த நெறைச்சுப் போடறேன். உங்களுக்கு ஊரு பூரா ரோடு கெடக்குது.”

“சாமி சத்தியமா நடக்கறேன் மயிலு.”

“உங்களுக்குத்தான் சாமியே இல்லையே!”

“உன்ர சாமி மேல சத்தியமா.”

ரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போனார். உடனே வெளியில் கிளம்பிவிட்டார். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தவர் எப்படி எழுந்தார் என்று அப்போது கவனித்தேன். கை ஊன்றவில்லை. பட்டை சொல்வதற்கும் இதற்கும் பொருந்தவில்லையே என்று ஒரு யோசனை வந்தது. அடுப்பில் பால் பொங்கியதில் அது போய்விட்டது.

மார்கழி 6, ஞாயிறு

தாரணி ஏற்பாடு செய்த உடற்பயிற்சி டாக்டர் பெண் வந்தது. பெயர் பர்வீன். சின்ன வயது. ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, “அம்மா, முதல்ல தண்ணி குடுங்க” என்று உரிமையோடு கேட்டது. பிடித்துப் போயிற்று.

என் போனை வாங்கி மேசைமேல் வைத்து, அவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னது. ஏறும்போது நாடி எவ்வளவு துடிக்கிறது என்று போனில் பார்க்க வேண்டுமாம்.

“ரைட், போலாம்!” என்று அவரே தனக்கு விசிலடித்துக்கொண்டு ஏறினார்.

பர்வீன் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது. “ஐயாவோட நாடி ஏறவே இல்ல. அம்மாவோடதுதான் எகிறுது. அம்மா, நீங்க இப்ப என்ன பண்றீங்க?”

“உக்காந்திருக்கறேன். மனசுக்குள்ள முருகா முருகான்னு சொல்லிட்டிருக்கறேன். அதுக்கு ஏறும் கண்ணு. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்.”

அந்தப் பெண் பக்கத்தில் வந்து மணிக்கட்டில் விரல் வைத்துத் தானே எண்ணியது. பிறகு அவரைக் கீழே கூப்பிட்டு அசையாமல் உட்கார வைத்து, “நீங்க இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுத்துக்கு நடங்கம்மா” என்றது. நடந்தேன். திரும்பி நடந்தேன். போனைத் திருப்பி என் பக்கம் காட்டியது. அப்பா வட்டம் கொஞ்சமாக நகர்ந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் தாம்பாளம் ஞாபகம் வந்தது. எனக்கு வலம் என்றால் எதிரே நிற்பவருக்கு இடம். கட்டிய நாளிலிருந்து அவர் கையில் என் பட்டை. என் கையில் அவருடையது.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “பாத்தியா! நான் நடந்தேன்னு சொன்னனா இல்லியா? அப்ப இத்தன நாளு உக்காந்தே கெடந்தது ஆரு?” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பர்வீன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தது. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழச் சொன்னது. எழுந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எழவில்லை. பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படியே.

மார்கழி 7, திங்கள்

பால் அரை லிட்டர். வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்கழி 9, புதன்

பட்டையைக் கழற்றி உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். இன்று பர்வீன் மறுபடியும் வந்தது. பட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டது. சொன்னேன். திங்கள், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை விரதம். இவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து மற்ற நாளிலும் ஒருவேளைச் சாப்பாடு. அதுவும் அனேகமாக ரசஞ்சோறு. இவருக்குக் கொடுத்த பருப்பில் மிச்சமிருந்தால் பருப்பு.

“அம்மா, நீங்க சாமிக்கு விட்டது சோறுன்னு நெனச்சுட்டிருக்கீங்க. தொடைச் சதைய விட்டிருக்கீங்க. ஐயா படுத்ததால எளைச்சாரு. எந்திரிச்சதும் சாப்பிட்டு நடந்து தேத்திட்டாரு. நீங்க நின்னுக்கிட்டே எளைச்சிருக்கீங்க.”

அவர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“எனக்காவப் பட்டினி கெடக்கச் சொல்லி நான் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தனா?” என்றார். சத்தம் பெரிதாக இருந்தது. பிறகு கொல்லைப்புறம் போய், வேண்டாத வேலையாகக் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

விரதத்தை முழுக்க விடமாட்டேன் என்று பர்வீனிடம் பேரம் பேசினேன். சஷ்டியும் கிருத்திகையும் எனக்கு. மற்ற நாளெல்லாம் அதற்கு. அந்த இரண்டு நாளிலும் பாலும் பயறும் உண்டு. தன் நோன்பு மாதத்தில் தானே எப்படிச் சமாளித்து வேலைக்குப் போகிறது என்பதைக் கதையாகச் சொன்னது. அதிகாலையில் முட்டையும் பயறும் இல்லாமல் அதன் அம்மா வெளியே விடமாட்டார்களாம்.

மார்கழி 13, ஞாயிறு

பட்டையை மறுபடியும் கட்டினேன். இந்தத் தடவை அவரவர் பட்டை. முட்டாள்தனமாகச் செய்த சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து செய்து பார்த்துவிடுவது என்று முடிவு.

உட்கார்ந்து பாராயணம்: ஏறவில்லை. ஆனால் நாடி நன்றாக இறங்கி, தூங்குகிறவருடையதைப் போல் அமைதியாக இருந்தது. இது புதிய செய்தி. பிடித்த செய்தியும்கூட.

தயிர் கடைந்தது: கொஞ்சம் ஏறியது. நான் நடப்பதாக அது நினைத்துக்கொள்கிறது.

கை கூப்பி அடிப்பிரதட்சணம்: நிஜமாகவே எண்ணவில்லை! அன்று அது அவர் தூங்கியதைத்தான் காட்டியிருக்கிறது. ஆனாலும் என் முடிவு சரி. பர்வீனிடம் சொன்னேன். கை வீசாவிட்டால் பல பட்டைகளுக்குத் தெரியாது, காலில் கட்டிப் பாருங்கள் என்றது. கணுக்காலில் கட்டிச் சுற்றினேன். எண்ணியது.

“தண்டை நல்லாத்தான் இருக்குது” என்றார் இவர்.

மார்கழி 20, ஞாயிறு

காலையில் பால் காய்கிற வரைக்கும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, அதிலிருந்து எழுந்து உட்காருகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாமம். எண்ணிக்கை மறக்காது. பச்சைப்பயறு சுண்டல், தட்டைப்பயறு குழம்பு. சாயங்காலம் இவரோடு பஸ் ஸ்டாண்டு வரை. டீக்கடை ரங்குசாமி, “அண்ணன் இங்க உக்காரவே மாட்டாருங்க்கா. நின்னுக்கிட்டே டீயக் குடிச்சுட்டு வெசையாக் கெளம்பீருவாரு” என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பர்வீன் சொல்கிறது: வட்டம் நடையைத்தான் காட்டும், பலத்தைக் காட்டாது. பலம் நாற்காலியில்தான் தெரியும். பட்டைக்குத் தெரியாதது இன்னும் எத்தனை இருக்கிறதோ.

தை 5, திங்கள்

கை ஊன்றாமல் எழுந்தேன். தலையணையோடுதான். ஆனாலும் எழுந்தேன்.

தை 14, புதன்

பர்வீன் தலையணையை எடுத்துவிட்டது. எழ முடிந்தது, தட்டுத் தடுமாறி. ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். முழு மலையும் ஏறலாமா என்று கேட்டேன்.

“ஐயா தாராளமா ஏறலாம். நீங்க வேண்டாம்மா. முதல் மண்டபம் வரைக்கும் போங்க. அதுக்கு மேல கால் நடுங்குனா அங்கயே நின்னுருங்க. ஏர்றப்ப விழறவங்க கம்மி, எறங்கறப்பத்தான் விழுவாங்க.”

நான் வேண்டியது இரண்டு பேரும் என்று. அவருக்கு மட்டும் கால் வந்து, எனக்கு இல்லை என்று ஆகும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் நினைத்தார்கள்?

தை 17, சனி

இவர் ஒரு யோசனை சொன்னார். “உன்ர பட்டையையும் நானே கட்டிக்கறேன். ரெண்டு கையிலயும் கட்டிட்டு ஏறீட்டாப் போச்சு. உன்ர வட்டமும் பச்சையாயிரும். தாரணியும் கேக்க மாட்டா. முருகன்கூட அதப் பாத்துட்டு விட்டுருவாரு.”

“போன தடவ மாறுனது தெரியாம. தெரிஞ்சே மாத்துனா அது பொய்க்கணக்குங்கோ.”

“ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேரு போறாப்லயா?”

“ஆமாங்கோ. நீங்க விட்டிருப்பீங்களா?”

“எறக்கி விட்டுருப்பேன்,” என்றார். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

தை 18, ஞாயிறு. தைப்பூசம்

விடியுமுன் அடிவாரம். காவடிகள், பால்குடம், மஞ்சள் சேலைகள். படியெல்லாம் தண்ணீர் தெளித்துக் குளிர்ந்திருந்தது. கையைக் கூப்பவில்லை, ஒரு கையில் பக்கச்சுவர், ஒரு கையில் இவர். பட்டை கணுக்காலில்.

முதல் மண்டபம் வரைக்கும் நின்று நின்று ஏறினேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அதற்கு மேலும் ஏறினேன். வேல் வரைந்த ஒரு திருப்பம் வருகிறது. அங்கே தொடை நடுங்க ஆரம்பித்தது. இன்னும் நாலு படி, இன்னும் நாலு படி என்று ஆசை இழுத்தது. மேலே கோபுரம் தெரிகிறது. ஆனால் இறங்கவும் கால் வேண்டும். ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க போங்கோ.”

“வேண்டுனது நீ. நான் போயி என்னத்தச் சொல்றது?” இவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. கண்டக்டருக்கு எல்லா ஊர்ச் சாமியும் ஒரு ஸ்டாப்புதான்.

“மயிலு பாதிப் படியில உக்காந்திருக்கறா. வரமாட்டேன்னு இல்ல, வாரா, நேரமாகும்னு சொல்லுங்கோ.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

போனார். கூட்டத்தில் வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். அவர் நாடி ஏறிக்கொண்டே போயிற்று. படி ஏறுகிறார். பிறகு மெல்ல இறங்கியது. வரிசையில் நிற்கிறார் என்று புரிந்துகொண்டேன். வெகுநேரம் அப்படியே ஒரே சீராக இருந்தது. பிறகு திடீரென்று ஒருமுறை எகிறி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கியது. சந்நிதியில் ஏறுவதற்குப் படி கிடையாது. அங்கே எதற்கு அப்படித் துடித்தது?

விபூதிப் பொட்டலத்தோடு இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது, மேலே கற்பூரப் புகை அதிகமாம்.

“சொன்னீங்களா?”

“எங்க சொல்ல உட்டாங்க? ‘நகரு, நகரு’ன்னு தள்ளியே உட்டுட்டாங்க. ஒண்ணுமே சொல்ல முடியல.” நெற்றியில் விபூதி பூசிவிட்டார். இத்தனை வருடத்தில் முதல்முறை. “அதெல்லாம் எனக்குச் சொல்ல வராது மயிலு. நீயே வந்து சொல்லிக்க.”

கூட்டம் தள்ளியதில் நாடி எகிறியிருக்கும் என்று எழுதி வைக்கிறேன்.

தை 19, திங்கள்

உடம்பெல்லாம் வலி. வயிறாரச் சாப்பிட்டேன். பால் ஒரு லிட்டராக மாற்றியாயிற்று.

அலமாரிப் பக்கம் கிடந்த நாற்காலியை நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டோம். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் எதிரே நிற்கிறார். நான் கேட்டாலொழியக் கையை நீட்டக் கூடாது, பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.